தருமிக்கு மூன்று நிமிடம்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிளை நூலகத்தில் நடந்த கவிதை வாசிப்புக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊருக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். உங்கள் ஊரிலும் இதே கதைதான். சந்தேகமிருந்தால் அடுத்த விழாவுக்குக் கையில் கடிகாரத்தோடு போய்ப் பாருங்கள்.

அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் 'மக்கள் கவிதை வாசிப்பு' என்று போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்றும் இருந்தது. பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதினோரு பெயரும் பொடி எழுத்தில் கடைசியில். அதற்கு மேலே தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை என்று ஒரு பட்டாளம். சிறப்புரை யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு - செலவு எழுதிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. மேடையில் உட்கார்ந்து பொழுது போகாததால், அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். ஐந்து மணி விழா ஐந்து முப்பத்தைந்துக்கு ஆரம்பித்தது. எட்டு மணிக்கு நூலகத்தைப் பூட்ட வேண்டும். ஆக, கையிருப்பு 145 நிமிடம். செலவு இதோ:

தமிழ்த்தாய் வாழ்த்து, விருந்தினர்களை மேடையில் உட்கார வைத்தது - 6 நிமிடம்.
வரவேற்புரை - 18.
பொன்னாடை போர்த்துதல் (மொத்தம் 14 பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் போட்டோ) - 22.
தலைமையுரை - 27.
வாழ்த்துரை, நான்கு பேர் - 30.
சிறப்புரை - 25.
நன்றியுரை - 5.

கூட்டினால் 133. மிச்சம் 12 நிமிடம். கவிதை வாசிப்பு விழாவில் கவிதைக்குக் கிடைத்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். நூற்றுக்கு எட்டு. நான்கு பேர் படித்தார்கள். அதற்குள் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். 'நேரமின்மை காரணமாக மற்ற கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்' என்று அறிவித்தார்கள். ஏழு பேர் பொறுத்தருளினார்கள்.

அந்த ஏழு பேரில் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தை இரண்டரை மணி நேரமும் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். விழா முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவரும் அங்கே நின்றார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. அன்றைக்கு ஓவர்டைம் இருந்ததாம், வேண்டாமென்று விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நீங்க எழுதினதைக் கொடுங்கம்மா, நான் படிச்சுப் பாக்கறேன்" என்றேன், ஏதோ உபகாரம் செய்கிறவனைப் போல.

"வேணாம் சார். இது நீங்க படிக்கறதுக்கு எழுதல. நான் சொல்றதுக்கு எழுதினது."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

எனக்கு ஒதுக்கிய நேரம் பத்து நிமிடம். நான் பேசியது இருபத்தைந்து. கூடுதலாக எடுத்துக்கொண்ட பதினைந்து நிமிடத்தில், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், ஐந்து பேர் படித்திருக்கலாம். அதில் நான் பேசியது என்ன? 'சாமானியர்களின் குரல் ஒலிக்க வேண்டும்' என்பது பற்றி!

சிரிக்காதீர்கள். கைதட்டல் கூடக் கிடைத்தது.

* * *

'திருவிளையாடல்' படம் பார்க்காத தமிழர் யாராவது இருக்கிறீர்களா? 1965-ல் வந்த படம். நாகேஷ் நடித்த தருமியை மறக்க முடியுமா? நாம் தருமியைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

தருமி யார்? பரம ஏழை. பெயர் தெரியாத ஆள். கையில் இருந்த பாட்டுகூட அவருடையது இல்லை. அப்படிப்பட்டவர் பாண்டியன் சபைக்குள் போகிறார். பாட்டைப் படிக்கிறார். சபை முழுவதும் கேட்கிறது. கேட்டு முடித்த பிறகுதான் நக்கீரர் எழுந்து குற்றம் சொல்கிறார். கவனியுங்கள்: கேட்ட பிறகு! 'நேரமின்மை காரணமாக' என்று யாரும் தருமியைத் திருப்பி அனுப்பவில்லை. தருமிக்கு முன்னால் நாலு பேர் வாழ்த்துரை வழங்கவில்லை. அந்தக் கதை நடந்ததா, புராணமா என்பது வேறு. ஒரு சபை எப்படி இருக்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி. வருகிறவனைப் படிக்க விடு. முழுக்கக் கேள். அப்புறம் உன் நெற்றிக்கண் சமாசாரத்தை வைத்துக்கொள்.

இன்றைய நூலக விழாவில் தருமி வந்தால் என்ன ஆகும்? பெயர் எழுதி வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைப்பார்கள்.

ஓபன் மைக் என்பது மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபு கவியரங்கம்தான் என்று வாதாடுகிற தமிழன்பர்கள் உண்டு. அவர்களுக்குச் சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலைச் சிபாரிசு செய்கிறேன். மணிமேகலை எழுதிய சாத்தனார், மதுரையில் தானியம் விற்றவர், கூலவாணிகன். தங்கால் வெண்ணாகனார் பொற்கொல்லர். தாமோதரனார் மருத்துவர். வெண்ணிக்குயத்தியார் மண்பாண்டம் வனைந்த குலத்துப் பெண். இளவேட்டனார், மதுரையில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் துணிக்கு 'அறுவை' என்று பெயர். ஆகவே அவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அன்றைக்கு அறுவை வியாபாரி கவிதை படித்தார். இன்றைக்குக் கவிதை விழாவில் அறுவை வியாபாரம் மட்டும்தான் நடக்கிறது, அதுவும் மைக் வைத்து!

சரி, மேல்நாட்டுக் கதைக்கே வருவோம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1984-ல் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி ஒரு சின்ன பாரில் கவிதை இரவு ஒன்றை ஆரம்பித்தார். பண்டிதர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்ளும் கூட்டங்கள் அவருக்கு அலுத்துப்போயிருந்தன. 1986-ல் அது கிரீன் மில் என்ற இடத்துக்கு மாறியது. மதிப்பெண் போட்டவர்கள், கேட்க வந்த ஜனங்களில் இருந்தே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியதுதான் 'ஸ்லாம்' கவிதை. கொத்தனார் கையில் மைக் போனதும் கவிதை அழிந்துவிடவில்லை. இன்னும் நான்கு பேர் கேட்க வந்தார்கள், அவ்வளவுதான்.

* * *

இப்போது நம் நகரங்களிலும் ஓபன் மைக் நடக்கிறது. எங்கே? காபி ஷாப்பில். நானும் ஒன்றுக்குப் போனேன். குறை சொல்லப் போனவன், பாதிக் குறையை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். பையன்களும் பெண்களும் அழகாகக் கேட்கிறார்கள். யார் படித்தாலும் போன் எடுப்பதில்லை. ஒரு வரி பிடித்துவிட்டால் கைதட்டாமல் விரலைச் சொடுக்குகிறார்கள். படிப்பவருக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாதாம். நம் ஓட்டலில் விரலைச் சொடுக்கினால் சர்வர் சட்னி வைக்க மாட்டார். அங்கே அது மரியாதை.

மீதிக் குறை என்ன? நுழைவுக் கட்டணம். போதாததற்கு, உட்கார்ந்ததற்கு ஒரு காபியாவது சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அந்தத் தையல்காரப் பெண்ணின் ஒரு நாள் ஓவர்டைம் காணாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ராத்திரி ஏழு மணிக்குக் காபி ஷாப்பில் கவிதை படிக்கப் போகிறேன் என்று நம் ஊரில் எத்தனை பெண்கள் வீட்டில் சொல்ல முடியும்? அம்மா என்ன சொல்வார்? மாமியார் என்ன சொல்வார்? ஆனால் 'லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்' என்று சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புப் பெண்ணிலிருந்து அறுபது வயது பாட்டி வரை, எந்த ஜாதி, எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காமல் உள்ளே விட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து, பில் கொடுக்காமல் வெளியே அனுப்புகிற ஒரே கூரை பொது நூலகம்தான். பூங்காவுக்குக் கூரை கிடையாது. கல்யாண மண்டபத்துக்கு வாடகை உண்டு. கோயில் மண்டபத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசிவிட முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கவிதை வாசிப்பு நடக்க வேண்டிய இடம் நூலகம். வேறு எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

இதில் யாருடைய தயவும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான். 1948-ல். அன்றிலிருந்து சொத்து வரியோடு நூலக வரி என்று தனியாக வசூலிக்கிறார்கள். இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 'எனக்கு ஏது சொந்த வீடு?' என்கிறீர்களா? உங்கள் வாடகைக்குள் அது ஒளிந்திருக்கிறது. வீட்டுக்காரர் தர்மத்துக்கா கட்டுகிறார்? வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்கு ஒழுங்காகக் கொடுக்காமல் பாக்கி வைப்பது தனிக் கதை, அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம். ஆக, 4,500-க்கும் மேற்பட்ட நூலகங்களின் ஒவ்வொரு நாற்காலியிலும் உங்கள் காசு கொஞ்சம் இருக்கிறது. கணக்குப்படி நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை, பங்குதாரர். பங்குதாரருக்குப் பேச உரிமை இல்லாத கம்பெனியை நான் காமர்ஸ் புத்தகத்தில் படித்ததில்லை.

பணம் இருக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2010 செப்டம்பர் 15-ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். 1,280 பேர் உட்காரும் கலையரங்கம். 2011-ல் அந்தக் கட்டடத்தையே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடுத்தது. 2012-ல் அதன் அரங்கத்தைக் கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விட்ட விவகாரமும் நீதிமன்றப் படி ஏறியது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கிடைத்த மேடை, நம் தருமிக்குக் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும்? அதே நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்று ஒரு நல்ல நிகழ்ச்சி நடத்தினார்கள். எழுத்தாளர்களும் அறிஞர்களும் வந்து பேசினார்கள், ஜனங்கள் கேட்டார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அது ஒருவழிப் பாதை. மேடையிலிருந்து கீழே வரும். கீழே இருப்பவர் மேலே பேச இன்னொரு பாதை வேண்டாமா? 2023 ஜூலையில் மதுரையில் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதற்கும் இதுவே என் கேள்வி.

* * *

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். நானே ஒரு காலத்தில் சொன்னவைதான், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

'கண்டவனும் கவிதை படிச்சா தமிழ் என்ன ஆவறது?'

ஒன்றும் ஆகாது. இரண்டாயிரம் வருஷமாக எத்தனையோ மோசமான கவிதைகளைத் தாங்கிய மொழி இது. என்னுடைய கல்லூரிக் காலக் கவிதைகளையே தாங்கியிருக்கிறது. தெருவில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களைப் பார்த்து, 'ஐயோ, டெஸ்ட் கிரிக்கெட் அழிந்துவிடும்' என்று யாராவது அலறுகிறோமா? அவனில் ஒருவன் சேப்பாக்கம் போவான். மற்றவர்கள் கிரிக்கெட் தெரிந்த ரசிகர்களாக காலரியில் உட்காருவார்கள். இரண்டும் ஆட்டத்துக்கு லாபம்தான். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மோசமான கவிதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மோசமான தலைமையுரைக்கு இருபத்தேழு நிமிடம்.

'அரங்கேற்றம் என்று நம்மிடம் ஒரு தகுதிச் சோதனை இருந்ததே?'

இருந்தது. இருக்கட்டும். புத்தகமாகப் போடுகிறவர் தகுதி பார்க்கட்டும், பரிசு கொடுக்கிறவர் பார்க்கட்டும். அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒத்திகைக்கு ஓர் இடம் வேண்டாமா? நூலகம் அந்த ஒத்திகைத் திண்ணை.

'நூலகத்தில் அமைதி வேண்டாமா?'

நியாயமான கேள்வி. இன்றைக்கு நூலகத்தில் பாதி நாற்காலியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, வாழ்க்கை. அவர்கள் காதுக்குள் போய்க் கவிதை படிக்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், மாடியிலோ வராந்தாவிலோ மரத்தடியிலோ வைத்துக்கொள்ளலாம். இருபது பேர் கூடுகிற இடத்தில் மைக் செட்டே தேவையில்லை. நவம்பர் 14-லிருந்து 20 வரை நூலக வார விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டி நாட்டுக்கே சொல்லும்போது அமைதி கெடுவதில்லை. அந்தப் பெண் மூன்று நிமிடம் படித்தால் கெட்டுவிடுமா?

நான்காவது எதிர்வாதம் யாரும் சத்தமாகச் சொல்லாதது. ஒரு நூலகர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"யாராவது ஏடாகூடமா எதையாவது படிச்சுட்டாங்கன்னு வைங்க சார். கவிதை அவங்களது, கைதட்டல் உங்களது. மெமோ எனக்கு."

இதற்கு நான் நக்கல் அடிக்க மாட்டேன். அவர் பயம் நிஜம். குறைந்த சம்பளத்தில், ஒற்றை ஆளாக, கூட்டுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை பார்க்கிற மனிதரிடம் போய், 'நீங்கள் ஏன் கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்றக் கூடாது?' என்று கேட்பது அநியாயம். கேட்க வேண்டிய இடம் மேலே இருக்கிறது. 'மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் திறந்த வாசிப்பு நடத்தலாம். படிக்கப்படும் கருத்துகளுக்குப் படிப்பவரே பொறுப்பு, நூலகர் அல்ல' என்று பொது நூலகத் துறை இரண்டு வரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். காகிதச் செலவு ஐம்பது பைசா. மேலே சொன்னேனே வெண்ணிக்குயத்தியார், அந்தக் குயவர் குலத்துப் பெண் யாரைப் பாடினார் தெரியுமா? வெண்ணியில் ஜெயித்து நின்ற கரிகாலனை. உன்னை விட, உன்னிடம் தோற்று வடக்கிருந்து உயிரை விட்டவன் நல்லவன் அல்லவா என்று அவன் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறார். புறநானூற்றில் 66-வது பாட்டு. கரிகாலன் யாருக்கும் மெமோ கொடுத்ததாகத் தகவல் இல்லை. பாட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

* * *

குறை மட்டும் சொல்லி முடித்தால் அதுவும் ஒரு வாழ்த்துரை மாதிரிதான். உருப்படியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன்.

வேறொரு ஊர். சின்ன நூலகம். மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நடத்துகிறார்கள் என்று நண்பர் சொல்ல, பெயர் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். மேடை இல்லை. வட்டமாக நாற்காலி. படிக்க விரும்புகிறவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு பழைய டிபன் பாக்ஸில் போட வேண்டும். நூலகர் அம்மா ஒவ்வொரு சீட்டாக எடுத்தார். பிரபலமோ புதியவரோ, சீட்டு வரும்போதுதான் முறை. மூன்று நிமிடம் ஆனதும் செல்போன் அலாரம் கோழி மாதிரி கூவியது. எல்லோரும் சிரித்தார்கள். படித்துக்கொண்டிருந்தவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்கள் 23 பேர். படித்தவர்கள் 17. ஒன்றேகால் மணி நேரம். பொய் சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் சுமார். நிலா வந்தது. அம்மா வந்தார். நிலாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு கவிதையில் வந்தார்கள். ஆனால் ஒரு பெரியவர் எழுந்தார். முன்பு லாட்டரிச் சீட்டு விற்றவராம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்களே, அன்றோடு தொழில் போயிற்று. தூக்கத்தில் இன்னமும் நம்பர்களைக் கூவுகிறேன் என்று மனைவி சொல்வதைப் பற்றி எழுதியிருந்தார். எதுகை இல்லை, மோனை இல்லை. அறையில் ஒரு சத்தம் இல்லை. லாட்டரித் தடை நியாயம் என்று எழுதியவன் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தலைப்பில் இனி எழுதினால் அந்தப் பெரியவரின் தூக்கத்தையும் சேர்த்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடப் பையன் நான்கு வரி சொல்லிவிட்டு மறந்துபோய் நின்றான். பக்கத்தில் இருந்த அக்கா, "பரவால்ல தம்பி, பேப்பரப் பாத்தே படி" என்றார். படித்தான். முடித்ததும் வெளியே ஓடிவிடுவான் என்று நினைத்தேன். உட்கார்ந்து மற்ற எல்லோரையும் கேட்டான். ஏனென்றால் அங்கே ஒரு சட்டம் உண்டு: படிக்கிறவர் கடைசிவரை இருக்க வேண்டும்.

கவிஞர்களே, இது உங்களுக்கும்தான். தலைமையுரைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு உங்களை விட்டுவிட மாட்டேன். தன் கவிதையைப் படித்து முடித்ததும் அவசர போன் வந்ததுபோல் காதில் கையை வைத்துக்கொண்டு வெளியேறி, டீக்கடையில் போய் நிற்கிற கவிஞர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! உங்களைக் கேட்க இருபது பேர் வேண்டும். அந்த இருபது பேரில் ஒருவராக நீங்கள் இருக்க மாட்டீர்கள். இது எந்த ஊர் நியாயம்? எடுத்த கடனைக் கொடுக்காதவருக்கு பாங்க்கில் என்ன பெயரோ, உங்களுக்கும் அதுதான் பெயர்.

நூலக இயலுக்கே தந்தை என்று உலகம் கொண்டாடுகிறதே, எஸ்.ஆர்.ரங்கநாதன், அவர் நம் சீர்காழிக்காரர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. புத்தகம் தேடுவதற்காகச் சொன்ன விதிதான். ஆனால் பதினான்கு பொன்னாடை போர்த்துகிற நூலகங்களில் அந்த விதியை மேடைக்குப் பின்னால் பேனராகக் கட்டலாம். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் மாடு பூட்டிக்கொண்டு போனவர்கள் நாம். வந்து உட்கார்ந்திருப்பவரிடம் மைக்கை நான்கு அடி நகர்த்த முடியவில்லை.

* * *

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த வாரம் உங்கள் நூலகத்துக்குப் போங்கள். வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பிக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். நூலகரைத் தனியாக மாட்டிவிடாதீர்கள். நாற்காலி போடுவது, எடுப்பது, பெருக்குவது எல்லாம் உங்கள் வேலை. மேடை வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம். அதைப் போர்த்திக்கொண்டு தூங்கவும் முடியாது, துண்டாக வைத்துத் துவட்டவும் முடியாது. அந்தக் காசுக்கு எல்லோருக்கும் டீயும் சுண்டலும் வாங்கலாம். ஆளுக்கு மூன்று நிமிடம், கைதட்ட ஒரு நிமிடம். நான் போன அந்த விழாவின் 145 நிமிடத்தில் 36 பேர் படித்திருக்கலாம். கூட்டிக் கழித்துப் பாருங்கள், சரியாக வரும்.

என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் வருவேன், வந்தால் பேசுவேன், பேசினால் நிறுத்த மாட்டேன். என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். சும்மா வருகிறேன். டிபன் பாக்ஸில் என் பெயர்ச் சீட்டையும் போடுகிறேன். கோழி கூவினால் உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த நூலகத்துக்கு மறுபடியும் இரண்டு தடவை போனேன். அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. நான்காக மடித்த காகிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணக்குப் புத்தகத்தில் பதினைந்து நிமிடம் பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படிக்க உங்களுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். மறுபடியும் நானேதான் பேசியிருக்கிறேன் பாருங்கள்.

கடன் அடையவில்லை. இரட்டிப்பாகிவிட்டது.